தனுஷ்கோடி அண்ணாச்சியின் மிச்சம்

சித்திரை முதல் நாள் காலையில், விருதுநகர் தனுஷ்கோடி மிளகாய் வத்தல் கமிஷன் மண்டியில் புதுக்கணக்குப் பூசை நடந்தது. முதலாளி திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தம்பி ரத்தினவேல் கற்பூரத் தட்டை எடுத்து வந்தான். அதை அவர் முகத்துக்குக் காட்டவில்லை. சட்டையைத் தூக்கச் சொல்லி, வலப்பக்க அடிவயிற்றுக்கு நேராகச் சுற்றினான்.

"கொஞ்சம் தள்ளிப் புடிங்க தம்பி, வயித்து முடி பொசுங்குது" என்றார் திண்டில் இருந்தவர்.

"நீங்க பேசாதீங்க பெரியவரே. நான் எங்க அண்ணனுக்குக் காட்டுறேன்."

திண்டில் இருந்தவர் பெயர் சங்கரலிங்கம். கோவில்பட்டிக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்தினவேலின் அண்ணன் தனுஷ்கோடி, அவர் வயிற்றுக்குள் ஒரு சிறுநீரகமாக இருந்தார். திண்டுக்குப் பக்கத்தில் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து நின்றவள் தவமணி. தனுஷ்கோடியின் மனைவி. விதவை என்று சொல்லக் கூடாது. சொன்னால் வழக்கு வரும்.

சட்டம் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். ஒருவர் உறுப்பை இன்னொருவர் உடம்பு ஏற்காமல் தள்ளும் தொல்லை ஒரு காலத்தில் இருந்தது. பிறகு 'கழுவல்' வந்தது. எடுத்த உறுப்பை ஒரு திரவத்தில் ஊறவைத்தால் தன் பழைய சொந்தக்காரனை அது மறந்துவிடும். யார் உடம்பிலும் ஒட்டும், ஓர் ஆள் போனால் அடுத்த ஆளுக்கு மாறும், சுலபத்தில் தேயாது. சரக்கு தேயாது என்றானதும் கேட்பு கூடியது. ஆனால் வரத்து இல்லை. செத்த வீட்டில் போய்க் கேட்டவர்களைச் செருப்பெடுத்துத் துரத்தினார்கள். புண்ணியம், தியாகம் என்று சுவர் சுவராக எழுதிப் பார்த்த அரசாங்கம், கடைசியில் பஜாரில் உட்கார்ந்தவன் மாதிரி யோசித்தது. பணம் கொடுத்தால் ஊர் சிரிக்கும். அதனால் பணத்தைவிட ருசியான ஒன்றைக் கொடுத்தது. உறுப்புக் கொடுத்தவரின் கடைசி உறுப்பு எங்காவது ஓர் உடம்பில் இயங்கும் வரை, அவர் சட்டப்படி உயிரோடு இருப்பவர்.

அதற்குப் பிறகு வரத்துக்குக் குறைவில்லை. வாத்தியார் செத்தார், அவருடைய கல்லீரல் சம்பளம் வாங்கியது. ஒரு பஞ்சாயத்துத் தலைவருடைய நுரையீரல் பதவிக்காலம் முழுக்கப் பதவியில் இருந்தது. சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் பால் ஊற்றக் காத்திருந்த சனம், இப்போது டாக்டர் எப்போது வருவார் என்று காத்திருந்தது.

தனுஷ்கோடி பைபாஸில் லாரியில் அடிபட்டு வந்தபோதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேரம்தான் நடந்தது.

"மதினி, அண்ணன் சாகலை. கைமாறுறாரு. அவ்வளவுதான்" என்றான் ரத்தினவேல்.

"தலையே நசுங்கிப்போச்சே தம்பி."

"சட்டத்துல தலை கணக்குலயே வராது மதினி. தலை இல்லாம எத்தனை பேரு வியாபாரம் பண்றான்."

உறுப்பாயுள் அலுவலகத்திலிருந்து வந்திருந்த பிரேமகுமாரி, தவமணியின் கையைப் பிடித்துக்கொண்டார். இதமான கை, மருதாணி வாசனை. "உங்க பூவும் பொட்டும் அப்படியே இருக்கும்மா. வேற எந்த அரசாங்கம் இதைக் குடுக்கும் சொல்லுங்க?"

ரத்தினவேலின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மண்டி இருந்த இடம் சத்திரத்து டிரஸ்டுக்குச் சொந்தம். பழைய காலத்து அடிமாட்டு வாடகை. 'தனுஷ்கோடி ஆயுள் உள்ளவரை' என்பது குத்தகை ஒப்பந்தம். வருஷம் ஒருமுறை, சித்திரை ஒன்றாம் தேதி, குத்தகைதாரர் நேரில் வந்து திண்டில் உட்கார வேண்டும் என்பது டிரஸ்டின் வழக்கம். அண்ணன் போனால் மண்டி போகும். மண்டி போனால் ரத்தினவேல் யாரோ ஒருவனுடைய மண்டியில் சாக்குத் தைக்க வேண்டியதுதான்.

தவமணி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு மூலை, உட்கார்ந்து அழ. அதுதான் கிடைக்கவில்லை. மிச்ச உடம்பை ஆஸ்பத்திரிக்காரர்களே எடுத்துப் போய் எரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழ ஆரம்பித்தவளை ரத்தினவேலின் மனைவி அதட்டினாள். "உசுரோட இருக்கிற புருசனுக்கு ஒப்பாரி வக்காதீங்க அக்கா. வீட்டுக்கு ஆகாது."

தனுஷ்கோடி அப்படியொன்றும் சொக்கத்தங்கம் இல்லை. காபிக்குச் சர்க்கரை குறைந்தால் டம்ளரைத் தள்ளிவிடுகிற மனுஷன். ஆனால் கொய்யாப்பழம் வாங்கி வந்தால் கடித்துப் பார்த்து இனிப்பானதை அவளுக்கு வைப்பார். எச்சில் பழத்தை எவள் தின்பாள் என்று அவள் சண்டை போடுவாள், பிறகு தின்பாள். அந்தப் பழத்துக்காகவாவது ஒருநாள் முழுக்க அழ வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

அழாமலே வருஷங்கள் போயின. சிவகாசியில் இருந்த இதயம், அதை வைத்திருந்தவரோடு கிணற்றில் விழுந்தது. இரண்டு நாள் கழித்து எடுத்தார்கள், உதவவில்லை. தென்காசிக் கல்லீரலை ஒருவன் குடித்தே கரைத்தான். தேயாத சரக்கையும் தேய்க்கிற ஆள் உண்டு. இடது சிறுநீரகம் ஒரு ரயில் விபத்தில் போயிற்று. சங்கரலிங்கத்திடம் இருந்ததுதான் மிச்சம்.

மிச்சம் ஆனதும் ரத்தினவேல் சங்கரலிங்கத்தைப் பொன் மாதிரி பார்த்துக்கொண்டான். பொன்னை யாரும் வெளியே விடுவதில்லை. உப்பு கூடாது, கருவாடு கூடாது, மண்டிக்கு வருவதைத் தவிர ஜில்லா தாண்டக் கூடாது. ஒருமுறை பெரியவர் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் ஒரு மடக்குக் கள் குடித்ததற்கு, 'உள்ளிருப்பவரைத் துன்புறுத்தினார்' என்று போலீசில் எழுதிக்கொடுத்தான். மாதம் ஒருமுறை நேரில் போய் அவருடைய மூத்திரத்தை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மோந்தும் பார்ப்பான். வத்தல் வியாபாரிக்குச் சாம்பிள் பார்க்காமல் தூக்கம் வராது.

தவமணிக்குத் தூக்கம் போனது வேறு காரணத்தால். மண்டி லாரிகளின் எடைச் சீட்டு வாங்கப் போய்வந்ததில், பைபாஸ் எடைமேடைக்காரர் கிருபாகரனோடு பழக்கமாகியிருந்தது. மனைவியை இழந்தவர். அதிகம் பேசாதவர். ஒருநாள் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கையை விடாமல் கேட்டார்.

"கல்யாணம் பண்ணிக்குவோமா?"

"எனக்கு வீட்டுக்காரர் இருக்காரே."

"எங்க?"

"கோவில்பட்டியில. ஒரு கண்டக்டர் வயித்துல."

கிருபாகரன் சிரிக்கவில்லை. அதனால்தான் அவளுக்கு அவரைப் பிடித்தது. மணவிலக்கு வாங்கிவிடலாம் என்றார். பிரேமகுமாரியிடம் போய்க் கேட்டாள்.

"கையெழுத்துப் போட்ட மனைவி மணவிலக்குக் கேட்க முடியாதும்மா. விட்டா, எல்லாரும் உறுப்பை எங்ககிட்ட தள்ளிட்டு, லாபம் இருக்கிறவரைக்கும் இருந்துட்டுப் போயிருவாங்க."

"நான் லாபம் பாக்கலையே மேடம்."

"நீங்க பாக்கலை. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான?"

இந்த வருஷப் பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும், பின்கட்டில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே சங்கரலிங்கத்துக்கு இலை போட்டாள் தவமணி. உப்பில்லாத பொங்கல். அவர் ஒரு வாய் தின்றுவிட்டு மூட்டையிலிருந்து ஒரு வத்தலை உருவி முகர்ந்தார்.

"மோந்து பாத்தே வயிறு நெறையுது தாயி. இந்தப் பொங்கல் சுண்ணாம்பு மாதிரில்லா இருக்கு."

"என்ன செய்ய. உங்க வயித்துல என் வீட்டுக்காரர் இருக்காரு."

"அவரு டிக்கெட் எடுக்காம ஏறி உக்காந்திருக்காரு. நான் என்னைக்கு எறக்கிவிட?" குரலைத் தாழ்த்தினார். "இப்ப மிசின் கிட்னி வந்திருக்கு, கேள்விப்பட்டியா? கருவாடு திங்கலாம். என் மவ துபாய்ல இருக்கா, போய் இருக்கலாம். பேரப்புள்ளயப் போட்டோவுலதான் பாத்திருக்கேன். இதை எடுத்தாத்தான் அதை வைப்பான். எடுத்தா கொலைங்கான்."

"அப்ப விடுங்க."

"விடமாட்டேன். விசாரிச்சுட்டேன். வேண்டாம்னா திருப்பிக் குடுக்கலாமாம். ஆனா குடுத்தவங்க வாங்கிக்கிடுதோம்னு ஒத்துக்கிடணும். கையெழுத்துப் போட்டது நீ. ஒன் கொழுந்தனுக்கு அதுல ஒரு பாத்தியதையும் கெடையாது."

தவமணி கரண்டியைக் கீழே வைத்தாள். "வாங்கிட்டு?"

"வாங்கிட்டு ஒன் பாடு, ஒன் புருசன் பாடு" என்றார் பெரியவர், இலையைப் பார்த்துக்கொண்டு.

வத்தல் பஜாரில் பிறந்து வத்தல் பஜாரிலேயே வாழ்க்கைப்பட்டவள் அவள். மூட்டை திரும்பினால் வியாபாரம் முறிந்தது, அதற்கு மேல் பேச்சில்லை என்பதுதான் அவளுக்குத் தெரிந்த நியாயம். வெளியே எடுத்தது வெளியேதான். அதற்கு ஒரு கொள்ளி, ஒரு நாள் அழுகை. மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடலாம்.

"உப்பு கொண்டு வரவா பெரியவரே?" என்றாள்.

"கொஞ்சூண்டு" என்றார் அவர்.

ரத்தினவேல் கேள்விப்பட்டு ஓடிவந்தான். மூச்சு வாங்கியது.

"மதினி, அண்ணனைக் கொல்லப் போறீங்களா?"

"உங்க அண்ணனை லாரி கொன்னுச்சு. நான் கொள்ளி போடப் போறேன்."

"மண்டிய நம்பி எத்தனை குடும்பம் இருக்கு. எம்புள்ளைக படிக்குதுக. உங்களுக்கு என்ன குறை வச்சோம்?"

"ஒரு குறையும் இல்ல தம்பி. சாமி படத்துக்குக்கூட ஒரு குறையும் இல்ல. அது மாதிரி ஆணியில தொங்குறேன்."

அவன் விடவில்லை. கெஞ்சினான், கிருபாகரன் பெயரைச் சொல்லிக் கேவலமாக ஒரு வார்த்தை சொன்னான், பிறகு உறுப்பாயுள் அலுவலகத்துக்குப் போனான். திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தான்.

"யோசிச்சுப் பாத்தேன் மதினி. உங்க இஷ்டம். நானே வண்டி வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அன்று சாயங்காலம் எடைமேடையில் கிருபாகரனிடம் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

"ஆபீசுக்குப் போயிட்டு வந்த உடனே ஒத்துக்கிட்டானா?"

"ஆமா."

"எதிராளி பேரம் பேசாம ஒத்துக்கிட்டா, நம்ம சாக்கு எங்கயோ கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம் தவமணி. என்னன்னு விசாரிப்போம்."

"எல்லாம் விசாரிச்சாச்சு. உங்களுக்கு இஷ்டம் இல்லாட்டி சொல்லிருங்க" என்றாள். அவர் அடுத்த லாரிக்குச் சீட்டு எழுதப் போய்விட்டார். அலுவலகத்தில் பிரேமகுமாரி, "திரும்ப ஏற்க முழு மனசோட சம்மதமாம்மா?" என்று கேட்டபோதும், அடுத்த கேள்வி வருவதற்குள் தலையாட்டிவிட்டாள். பல வருஷம் பசித்திருந்தவளுக்கு இலையைக் கண்டதும் பரிமாறுகிறவன் முகம் தெரியாது.

ஆபரேஷன் நாளில் தவமணி மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். சுடுகாட்டில் சொல்லிவைத்திருந்தாள். சின்னதாக அடுக்கினால் போதும் என்று சொன்னபோது வெட்டியான், "பச்சப் புள்ளையாம்மா?" என்று கேட்டிருந்தான். நூல் சேலை கட்டியிருந்தாள். பூ வைக்கவில்லை. வராந்தாவில் கிருபாகரன் துணைக்கு நின்றார். ரத்தினவேலும் வந்திருந்தான், கையில் சாப்பாட்டுக் கேரியர்.

மதியம் கதவு திறந்தது. பிரேமகுமாரி சிரித்த முகத்தோடு வந்தார்.

"பெரியவருக்கு நல்லபடியா முடிஞ்சது. மிசின் ஓடுது. உங்க வீட்டுக்காரரும் நல்லாருக்காரு, கழுவல் பெட்டியில வச்சிருக்கோம்." தூக்கைப் பார்த்தார். "இது என்னம்மா?"

"அவரை வாங்கிட்டுப் போக."

பிரேமகுமாரிக்குச் சற்று நேரம் புரியவில்லை. புரிந்ததும் அவள் தோளில் கையை வைத்தார். "உயிரோட இருக்கிறவரை எப்படிம்மா பாத்திரத்துல குடுக்க முடியும்? உள்ள வாங்க. உடை மாத்தணும். உங்களுக்குத் தியேட்டர் தயாரா இருக்கு."

தவமணி தூக்கைப் பெஞ்சில் வைத்தாள்.

"மதினி," என்றான் ரத்தினவேல், மெதுவாக, கடைப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல். "திரும்பின மூட்டை எங்க வரும்? அனுப்புனவன் குடோனுக்குத்தான வரும். நம்ம பொழப்பே அதுதான. உங்களுக்குத் தெரியாதா?"

"என்கிட்ட யாரும் சொல்லலை."

"நீங்க கேக்கலையேம்மா," என்றார் பிரேமகுமாரி. "பெரியவர் கேட்டாரு. எடுத்தா எங்க போகும்னு முதல் கேள்வியே அதுதான் கேட்டாரு. எல்லாம் சொன்னோம்."

திறந்திருந்த கதவு வழியாகச் சங்கரலிங்கத்தின் கட்டில் தெரிந்தது. அவர் விழித்துத்தான் இருந்தார். தவமணி பார்ப்பது தெரிந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு ரெண்டும் நல்லாத்தான இருக்கு. எதுக்கு இன்னொண்ணு?"

"அது ரெண்டும் அப்படியே இருக்கட்டும். இது மூணாவதா ஓரமா இருக்கும். வயித்துல இடம் நிறைய இருக்கும்மா."

"எவ்வளவு நாளைக்கு?"

"உங்க ஆயுள் வரைக்கும். அப்புறம் வேற ஆளு பாப்போம்."

"சாகுற வரைக்கும் சுமங்கலி மதினி" என்றான் ரத்தினவேல். அவன் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே நல்ல சரக்கைக் காட்டுகிறவன் குரல் அது. "கோயில் கோயிலா வேண்டுனாலும் எத்தனை பேருக்குக் கெடைக்கும்?"

"மாட்டேன்னா?"

பிரேமகுமாரி கடிகாரத்தைப் பார்த்தார். "பெட்டியில சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள உடம்பு கிடைக்கலைன்னா நின்னுரும். நின்னா, ஏற்கிறேன்னு சொல்லிட்டு ஏற்காத மனைவி புருசனைக் கொன்னதா ஆகும். ஜெயில்ல இப்படிப்பட்டவங்களுக்குன்னு தனி வார்டே இருக்கும்மா. நான் பாத்திருக்கேன். வேண்டாம்." பிறகு, மனசு கேட்காததுபோல் சேர்த்தார். "உங்களுக்குப் பதிலா வேற யாராவது முன்வந்தாலும் எங்களுக்குச் சரி."

ரத்தினவேல் திரும்பினான். கிருபாகரனை மேலிருந்து கீழே பார்த்தான், எடைமேடைக்காரரையே எடை போடுகிற பார்வை.

"அண்ணாச்சி நல்ல உடம்புக்காரரு. குடி இல்ல, பீடி இல்ல. என்ன அண்ணாச்சி, எங்க அண்ணனுக்கு ஒரு மூலை குடுப்பீங்களா? மாசம் ஒருக்க நான் வந்து பாத்துக்கிடுவேன். சித்திரைக்கு வந்து திண்டுல உக்காந்தாப் போதும்."

தவமணி கிருபாகரனைப் பார்த்தாள். ஏற்றுக்கொண்டால் தனுஷ்கோடி அவருக்குள் உயிரோடு இருப்பார், கல்யாணம் நடக்காது. அது இருவருக்கும் தெரியும். ஆனாலும் 'நான் ஏத்துக்கிறேன்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. அவர் அப்படிச் சொன்னால் போதும், அவளே வேண்டாம் என்று மறுத்துவிடுவாள். மறுப்பதற்காவது ஒன்று வேண்டியிருந்தது.

கிருபாகரன் செருப்பைப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்துப் பார்த்தார். அது அடிக்கவில்லை.

"தூத்துக்குடி லோடு வந்து நிக்குமே" என்றார். "எடை போட ஆளில்ல. போட்டுட்டு வந்துர்றேன் தவமணி."

"வாங்க" என்றாள்.

அவர் படி இறங்கும் சத்தம் கேட்டது. வேகமாக இறங்குவது தெரியக்கூடாது என்று கவனமாக இறங்குகிற சத்தம். ரத்தினவேல் அவர் போன திசையைப் பார்த்துவிட்டு, பாராட்டுகிற மாதிரி தலையசைத்தான். விலை படியாத இடத்தில் நிற்காதவன் நல்ல வியாபாரி.

நர்ஸ் வந்து பச்சை அங்கியைக் கொடுத்தாள். தவமணி உள்ளே போய் மாற்றிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்தாள். தூக்கு வராந்தா பெஞ்சிலேயே இருந்தது. ரத்தினவேல் சாப்பாட்டுக் கேரியரை அதன் பக்கத்தில் வைத்தான். "உப்பில்லாமத்தான் சமைக்கச் சொல்லியிருக்கேன் மதினி. மயக்கம் தெளிஞ்சதும் சாப்பிடலாம்."

"நகையெல்லாம் கழட்டணும்க்கா" என்றாள் நர்ஸ்.

"வளையல் கழட்டிட்டேன்."

"தாலியும்தான். உள்ள உலோகம் எதுவும் கொண்டு போகக்கூடாது."

தவமணி நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள். நர்ஸ் சொன்னதை இன்னொருமுறை சொன்னாள். தவமணி கழுத்துக்குப் பின்னால் கையைக் கொடுத்துச் சங்கிலியைத் தலைவழியாக எடுத்தாள். மஞ்சள் பட்ட இடத்தில் கழுத்து வெளிறியிருந்தது, காற்றுப் பட்டது. ரத்தினவேல் இரண்டு கையையும் குவித்து நீட்டினான். அதில் போட்டாள்.

"பத்திரமா வச்சிருக்கேன். திரும்பி வந்ததும் அண்ணன் சார்பா நானே எடுத்துத் தாரேன்."

தியேட்டர் நடைபாதையின் மறுகோடியில் இருந்தது. ஒருவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ள, பிரேமகுமாரி பக்கத்தில் நடந்து வந்தார். முன்னால் இன்னொருவர் வெள்ளைப் பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு போனார். அதிலிருந்து மெல்லிய இரைச்சல் வந்தது.

"மேடம்."

"சொல்லுங்கம்மா."

"அது இப்ப எந்த உடம்புலயும் இல்ல. இப்ப அவரு உயிரோட இருக்காரா?"

பிரேமகுமாரி யோசித்தார். இத்தனை வருஷ வேலையில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. "அது பயண நேரம்மா. அதைப்பத்திச் சட்டத்துல ஒண்ணும் சொல்லலை."

தவமணி படுத்துக்கொண்டாள். கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் கடந்தன. கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் போயிற்று, அவள் துடைக்கவில்லை. யாரும் அதட்டவும் இல்லை.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரின் கையைத் தொட்டாள்.

"கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணே" என்றாள்.